கோடியில் கட்டிய வலை

எங்கள் வேர்க்கடலைக் கொல்லையின் நடுவே ஓடும் ஓடையை மறித்து ஒரு மண்கரை இருக்கிறது. கிணறு ஊறட்டும் என்று அப்பா போட்டது. தேங்கிய தண்ணீரில் நானும் என் மனைவியும் நான்கு மிதிபடகுகளை விட்டிருக்கிறோம். நாகலாபுரம் கோயிலுக்கு வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கேயும் எட்டிப் பார்ப்பார்கள். படகைவிட மீனுக்குத்தான் கூட்டம். பொரியைத் தூவினால் கட்லாவும் ரோகுவும் வாயைப் பிளந்துகொண்டு கரையோரம் மொய்க்கும். குழந்தைகளைக் கிளப்ப முடியாது. எனக்கும் அந்த மீன்கள்மேல் பைத்தியம்தான்.

நிரம்பிய தண்ணீர் வெளியேறக் கரையோரத்தில் கல் பாவிய தாழ்வான வழி உண்டு. அதைக் கோடி என்போம். போன ஐப்பசியில், மீன் தப்பிவிடக் கூடாதென்று அதன் குறுக்கே வலை கட்டினேன். மனைவி வேண்டாம் என்றாள். யார் சொன்னாலும் எனக்குத்தான் ஏறாதே.

இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை போய்ப் பார்த்தால், சருகும் முள்ளும் வலையில் அப்பிக் கோடியே அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் கரையின் உச்சியைத் தொட ஒரு சாண்தான் பாக்கி. கரைக்குக் கீழே பக்கத்துக் கொல்லைக்காரரின் நெல் நாற்றங்கால். கரை உடைந்தால் அதில் ஒன்றும் மிஞ்சாது. நான் ஒரு கழியால் சருகைத் தள்ளிப் பார்த்தேன். தள்ளத் தள்ள வந்து சேர்ந்தது.

"இன்னும் இன்னாத்த நோண்டிக்கினு நிக்கிற? அறுத்து உடு" என்று மனைவி கொடுவாளை நீட்டினாள்.

"மீனு பூடுமே."

"கரை பூட்டா மீனு மட்டும் உன் மடியில குந்திக்கினு இருக்குமா?"

அறுத்தேன். தண்ணீர் சீறிக்கொண்டு ஓடையில் இறங்கியது. பொரி தின்று வளர்ந்த என் மீன்களும் கூடவே போயின. கீழே ஆட்கள் சேலையையும் கொசுவலையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கரை நின்றது.

மத்தியானம் நாற்றங்கால்காரரின் மனைவி ஒரு தூக்கு நிறைய மீன்குழம்பு கொண்டுவந்தாள்.

"உங்க மீனுதாண்ணா. நீங்க வலைய அறுத்ததுல எங்க நாத்து பொழச்சிச்சி. துன்னு பாருங்க."

என் தட்டில் சோற்றோடு ஒரு துண்டு மீனையும் வைத்தாள். "அந்த வலைய கட்னதே நான்தாம்மா" என்றேன்.

"தெரியும்ணா. கட்ன அன்னிக்கே பாத்தோம். நீங்களா அறுப்பீங்கன்னுதான் சும்மா இருந்தோம்" என்று இன்னொரு துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள்.