உப்பில்லாத சோறும் லித்தியம் மாத்திரையும்

எடைத் தாளில் இருந்த கறுப்புப் பொடி மேசை முழுக்கச் சிதறியபோது நான் முதலில் மின்விசிறியைத்தான் திட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் விசிறி ஓடவே இல்லை. ஆடிக்கொண்டிருந்தது என் கை.

பீளமேட்டில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பேட்டரிக்கான பொருள்களை உருவாக்குவது என் வேலை. செல்போனிலும் மின்சார ஸ்கூட்டரிலும் இருக்கிற லித்தியத்துக்குப் பதிலாக, மலிவாகக் கிடைக்கிற சோடியத்தை (சமையல் உப்பில் இருக்கும் தனிமம்) வைத்து பேட்டரி செய்ய முடியுமா என்று பார்க்கிறோம். இரண்டும் ஒரே குடும்பத்துத் தனிமங்கள். ஒன்று உட்காரும் இடத்தில் மற்றொன்றை உட்கார வைக்கலாம். கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கை நடுக்கம் எனக்குப் புதிதல்ல. சில வருடங்களாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். அது கொடுக்கிற மெல்லிய நடுக்கம் பழகிவிட்டது. அன்றைக்கு வந்தது வேறு மாதிரி. தோளிலிருந்தே உதறியது. பொடியைத் துடைக்கத் துணி எடுக்கப் போனவள், நேராக நடக்க முடியாமல் அலமாரியில் போய் மோதினேன்.

எனக்கு இருப்பது இருமுனைக் கோளாறு (மனம் சில காலம் எல்லை மீறிய உற்சாகத்திலும் சில காலம் ஆழ்ந்த சோர்விலும் மாறி மாறிச் சிக்கிக்கொள்ளும் நோய்). முதல் முறை வந்தபோது தூக்கம் என்பதே இல்லாமல் திரிந்தேன். உலகத்தின் மின்சாரப் பிரச்சினையை நான் ஒருத்தியே தீர்த்துவிட்டதாக நம்பி, துறைத்தலைவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி அவரிடமே அதைச் சொன்னேன். பிறகு மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழவில்லை.

மனநல மருத்துவர் கொடுத்த சீட்டில் லித்தியம் கார்பனேட் என்று எழுதியிருந்ததைப் பார்த்து அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஆய்வகத்தில் டப்பா டப்பாவாக இருக்கிற வெள்ளைப் பொடி அது. கையுறை இல்லாமல் தொடாதே என்று மாணவர்களை நான் அதட்டுகிற சாமான்.

"அதேதானுங்க. ஆனா இது அளந்து குடுக்கிறது," என்றார் அந்த அம்மையார்.

அந்த மாத்திரைதான் என்னை மீட்டது. இதை அழுத்தியே சொல்கிறேன். இனி வரப்போவதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. என் வேலை, என் திருமணம், என் தூக்கம் எல்லாம் அது மீட்டுக் கொடுத்தவை.

நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது என்று அப்போதே சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னபோது நான் எந்த உலகத்தில் இருந்தேனோ. என் கணவர் தண்ணீரை மட்டும் நினைவில் வைத்திருந்தார்.

இந்த வருடம் பல்லடம் பக்கத்தில் எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் பூச்சாட்டு (திருவிழாவைத் தொடங்கி வைக்கும் சடங்கு) முடிந்ததும் அம்மா போன் செய்தார்.

"கண்ணு, தீர்த்தக்குடம் எடுக்கிற வரைக்கும் உப்பில்லாச் சோறுதான்னு வேண்டிக்கிட்டேன். நீ அந்த மாத்தரைய உட்டுப்போட்டு நல்லா இருக்கோணும்."

எனக்குக் கோபம் வந்தது. மாத்திரையை விட வேண்டியதில்லை என்று எத்தனை தடவைதான் சொல்வது? ஆனால் அவருக்கும் வயதாகிவிட்டது. எனக்காக அவர் வாயைக் கட்டும்போது நான் மட்டும் ரசம் ஊற்றித் தின்ன மனசு வரவில்லை. சிங்காநல்லூரில் எங்கள் வீட்டில் நானும் உப்பை நிறுத்தினேன். சாமி மேல் இருந்த நம்பிக்கையை விட அம்மா மேல் இருந்த பாசம்தான் காரணம்.

"எனக்கு வேண்டாஞ் சாமி. நான் உப்புப் போட்டுத் திங்கிற ஆளு," என்று கணவர் கேலி செய்துவிட்டு ஊறுகாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

திருவிழா அன்று ஊருக்குப் போய் அம்மாவுடன் தீர்த்தக்குடம் சுமந்து நடந்தேன். நல்ல வெயில். வியர்த்துக் கொட்டியது. வீட்டுக்கு வந்ததும் வயிற்றுப்போக்கு. "சூடு புடிச்சுக்கிச்சு" என்று அம்மா நீர்மோர் கொடுத்தார், அதுவும் உப்பில்லாமல். விரதத்தை முடிப்பதற்கான பூசை மறுநாள்தான். அது முடிந்து, உடம்பு அசதியாகவே இருந்தும், வேலைக்குக் கிளம்பிவிட்டேன். போன இடத்தில்தான் பொடி சிதறியது.

கணவருக்குப் போன் செய்தேன். "ஏன் இப்படி இழுத்து இழுத்துப் பேசற? எங்கியும் போகாத, அங்கியே உக்காரு, நான் வாரேன்," என்றார். நான் சாதாரணமாகப் பேசுவதாகத்தான் எனக்குத் தோன்றியது.

அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் பக்கவாதமோ என்று சந்தேகித்து மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். அதில் ஒன்றுமில்லை. என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று கேட்டபோது கணவர் மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். உடனே இரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். முடிவு வந்ததும் அங்கே எல்லோருடைய நடையும் வேகமாகிவிட்டது.

சிறுநீரக மருத்துவர் வந்தார். அம்மாவும் அதற்குள் ஊரிலிருந்து வந்து என் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"சாப்பாட்டுல உப்பைக் குறைச்சீங்களா?"

கணவர் விரதத்தைப் பற்றிச் சொன்னார். மருத்துவர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார்.

"கிட்னிக்கு லித்தியமும் சோடியமும் பாக்கறதுக்கு ஒரே மாதிரிங்க. ஒடம்புல உப்புக் கொறஞ்சா, அது சோடியத்தை வெளிய உடாமப் புடிச்சு வெச்சுக்கும். கூடவே லித்தியத்தையும் புடிச்சு வெச்சுக்கும். வேர்வையும் பேதியும் வேற சேந்திருக்குது. அப்படியே ஏறி வெசமாயிருச்சு."

நான் உறைந்துபோனேன். புத்தி மங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் இது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காரும். என் ஆய்வுக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் முதல் பத்தியே அதுதான். மேடை போட்டு, படம் காட்டி, அதை நான் ஊர் ஊராகப் பேசியிருக்கிறேன். அதே வேதியியல் என் விலா எலும்புக்குக் கீழேயும் நடக்கும் என்று ஒரு நாளாவது எனக்கு உறைத்ததா? இல்லை. அந்த அதிர்ச்சி இன்றும் தீரவில்லை.

அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நானே உனக்கு வெசம் வெச்சுப்போட்டனா கண்ணு?"

இல்லை அம்மா, என்று சொன்னேன். சொன்னதாக நினைத்தேன். என் வாயிலிருந்து வந்தது ஏதோ ஒரு உளறல் சத்தம். நாக்கு கட்டையாகக் கிடந்தது. நான் ஆமாம் என்கிறேன் என்று நினைத்து அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் வாழ்க்கையில் அதைவிடக் கொடுமையான நேரம் வேறில்லை.

டயாலிசிஸ் (இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து மறுபடி உள்ளே அனுப்பும் முறை) செய்தார்கள். முதல் முறை முடிந்ததும் அளவு இறங்கியது. பிறகு தசைகளிலும் மூளையிலும் பதுங்கியிருந்தது இரத்தத்துக்குத் திரும்பி வர, மீண்டும் ஏறியது. மறுபடி செய்தார்கள். அந்த நாள்களில் எனக்குப் பெரும்பாலானவை நினைவில்லை. கணவரை என் அண்ணன் என்று கூப்பிட்டேனாம். எனக்கு அண்ணனே கிடையாது.

பேச்சு திரும்பியதும் முதலில் சொன்னது, "நீங்க வெக்கலீங்கம்மா. எனக்கே தெரியல. நான்தான் படிச்சவ." அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

லித்தியத்தை நிறுத்திவிட்டார்கள். அம்மாவின் வேண்டுதல் ஒரு வகையில் பலித்துவிட்டது. வேறு மாத்திரைகள் கொடுத்தார்கள். பலருக்கு அவை நன்றாக வேலை செய்கின்றன. எனக்கு ஒத்துவரவில்லை. வீடு திரும்பிக் கொஞ்ச நாளிலேயே தூக்கம் குறைந்தது. மனசு துள்ளியது. விடியும் முன்பே எழுந்து சமையலறைச் சாமான்களை எல்லாம் இறக்கி அடுக்கினேன். புதுப் புதுப் பேட்டரிகள் கண் முன்னால் வந்தன. எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? அதனாலேயே பயமாகவும் இருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் அந்தப் பயமும் போய்விடும், அதற்குப் பிறகு என்னை யாரும் பிடிக்க முடியாது என்று தெரிந்திருந்தது.

துணைக்கு வந்திருந்த அம்மா அதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள் காலையில் நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும்போது என் இரண்டு கையையும் பிடித்து உட்கார வைத்தார்.

"போதுங் கண்ணு. டாக்டரம்மாகிட்டப் போயி அந்தப் பழைய மாத்தரையவே கேளு."

"வேண்டுதலுங்கம்மா?"

"அத நான் சாமிகிட்டப் பேசிக்கறேன். நீ செருப்பப் போடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மாத்திரை என்னை விட்டுப் போக வேண்டும் என்று வாயைக் கட்டியவர் அவர். அதே மாத்திரையால் நான் கிடந்த கிடையைக் கண்ணால் பார்த்தவரும் அவர்தான்.

மனநல மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் கலந்து பேசினார்கள். சிறுநீரகம் தேறிவிட்டதை உறுதி செய்துகொண்டு, குறைந்த அளவில், அடிக்கடி இரத்தம் பார்த்து, மறுபடி தொடங்கலாம் என்றார்கள். "பயமா இருக்குதுங்களா?" என்று கேட்டார் மனநல மருத்துவர். ஆமாம் என்றேன். "இருக்கட்டும், நல்லதுதான்," என்றார்.

இதே மாத்திரையைச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விரதமோ டயட்டோ, உப்பில் கை வைக்கும் முன் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். வாந்தி, பேதி, காய்ச்சல் வந்தால் அன்றே கூப்பிட்டுச் சொல்லுங்கள். வலி மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள், சில வகை இரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். வீட்டில் சமைக்கிறவர் யாரோ, அவருக்கும் இதையெல்லாம் சொல்லி வையுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

என் கை முழுதாகச் சரியாகவில்லை. நுண்ணிய எடைகளை இப்போது சக ஆய்வாளர்தான் போடுகிறார். மாடிப்படி இறங்கும்போது கைப்பிடி வேண்டும். மூளையில் கொஞ்சம் அடிபட்டிருக்கிறது, தேறலாம், தேறாமலும் போகலாம் என்கிறார்கள். உடம்பு என்பது நான் குடியிருக்கும் வீடு என்று நினைத்திருந்தேன். அதற்குள் எந்நேரமும் கணக்கு மாறிக்கொண்டே இருக்கிற ஒரு கரைசல் இருக்கிறது. அதில் எங்கோ நானும் கரைந்திருக்கிறேன்.

முன்பெல்லாம் வருடக் கணக்கில் திட்டம் போடுவேன். இப்போது காலம் எனக்கு ஒரு இரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்த பரிசோதனை வரைதான். முடிவு வருகிற நாளில் அம்மா போனில் கேட்பது ஒரே கேள்வி: "நீ நீயாத்தான இருக்கற கண்ணு?" இருக்கேனுங்கம்மா என்பேன். அடுத்த முறை வரைக்கும் அதற்கு உத்தரவாதம் உண்டு.