செல்வராஜ் சாரின் காரில் யார் யார் இருந்தார்கள்

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. போதும்.

செல்வராஜ் சார் இன்று காலை போய்விட்டார். நம் பள்ளியின் முன்னாள் ஹெட்மாஸ்டர். ஹார்ட் அட்டாக்.

ஸ்டாஃப் குரூப்பில் மெழுகுவர்த்தியும் கூப்பிய கையும் வந்து குவிகிறது. "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று ஒருவர் போட்டார். மற்றவர்கள் அதையே காப்பி செய்து போடுகிறார்கள். நான் ஒன்றும் போடவில்லை.

அவரோடு வருடக்கணக்காக தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஒரே காரில் போய்வந்தவன் நான். அவர் கெமிஸ்ட்ரி. என் பாடம் எது என்பது இங்கே வேண்டாம்.

கார் அவருடையது. புதிதாக வாங்கியபோது அதிலிருந்த ப்ளூடூத்தை எங்களுக்குக் காட்டிக்காட்டி அவருக்கு அலுக்கவே இல்லை. போன் வந்தால் கார் முழுக்கக் கேட்கும். ஸ்டியரிங்கில் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஒரு பட்டன், எடுப்பதற்கு. அதற்கு மேலே இன்னொன்று, சத்தத்தைக் கூட்டுவதற்கு.

வேறு யாராவது என்றால், "வண்டியில ஆள் இருக்கு, பெறகு கூப்பிடுதேன்" என்பார்கள். மனுஷத்தனம் என்பது அவ்வளவுதான்.

இவர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்து உதட்டில் விரல் வைப்பார். பிறகு போனிடம் சொல்வார், "ஒத்தைக்குத்தான் போறேன் மக்கா, நீ சொல்லு."

தனியாகப் போகிறாராம். காரில் நாலு பேர் இருப்போம்.

எங்கள் டிராயிங் மாஸ்டர் ஒருநாள் கூப்பிட்டார். மனைவி கோபித்துக்கொண்டு சிதறாலில் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாள், ஹெட்மாஸ்டரிடம் லீவு சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தவர், கார் வில்லுக்குறி தாண்டுவதற்குள் அழுதுவிட்டார். செல்வராஜ் சாரின் கட்டைவிரல் மேலே இருந்த பட்டனுக்குப் போனது. சத்தம் ஏறியது...

நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஓடுகிற காரில் எங்கே எழுந்து போவது?

இன்டர்வெல்லுக்குள் ஸ்டாஃப் ரூம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த மனுஷன் அதன் பிறகு யாருடனும் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை.

அப்புறம் என் முறை வந்தது.

அந்த வருடம் ஹெட்மாஸ்டர் போஸ்ட் காலியானது. சீனியாரிட்டியில் நான்தான் முதலில். அடுத்தது அவர். முடிவு பள்ளியை நடத்துகிற மேனேஜர் கையில். ரப்பர் ஷீட் வியாபாரி அவர்.

மே மாத லீவு. வீட்டில் இருந்தேன். செல்வராஜ் சார் கூப்பிட்டார்.

"என்னலே, ஹெட்மாஸ்டர் ஆகப்போற. மேனேஜரைப் போய்ப் பாத்தியா?"

"எங்க போறீரு?"

"வட்டக்கோட்டை வரைக்கும். ஒத்தைக்குத்தான் போறேன், நீ சும்மா பேசு."

எத்தனையோ தடவை அந்த வாக்கியத்தைப் பக்கத்தில் இருந்து கேட்டவன் நான். என்னிடம் அதைச் சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். தினமும் ஒரே காரில் போகிறவர்கள் இல்லையா...

பேசினேன். "அந்தாளுக்கு ஸ்கூலைப் பத்தி என்ன தெரியும்? ரப்பர் ஷீட் விக்கத் தெரியும். பையன்களையும் ஷீட் மாதிரி வெயில்ல காயப்போட்டா போதும்னு நினைக்காரு. நான் வந்து உட்கார்ந்தா அந்தாளை கேட்டுக்கு அங்கிட்டு நிறுத்துவேன்" என்றேன். இன்னும் கொஞ்சமும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே ஒரு செருமல்.

அசெம்பிளியில் மைக் முன்னால் வந்தவுடன் மேனேஜர் செருமுகிற அதே செருமல். பள்ளியில் எல்லோருக்கும் அது தெரியும்.

போனை வைத்துவிட்டேன். ஜூனில் பள்ளி திறந்தபோது ஹெட்மாஸ்டர் நாற்காலியில் செல்வராஜ் சார் இருந்தார்.

ஒரே ஒரு தடவை நேரில் கேட்டேன். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"வண்டி ஓட்டும்போ போனைக் கையில எடுத்தா போலீஸ் பிடிப்பான்லா. அதுக்குத்தான ஸ்பீக்கர். நீ பேசினதை நானா பேசச் சொன்னேன் மக்கா?"

அதற்குப் பிறகு தக்கலையிலிருந்து பஸ்ஸில்தான் போனேன். அவர் ரிட்டயர் ஆகிற வரைக்கும் என் லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்ட பேனாவைப் பிடித்ததும் அந்தக் கட்டைவிரல்தான்.

இன்று மத்தியானம் அவருடைய மகனைக் கூப்பிட்டேன். அடக்கம் எப்போது என்று கேட்க. கேட்காவிட்டால் ஊர் கேட்கும்.

எடுத்தவுடனே தெரிந்துவிட்டது. அந்தக் குகைக்குள் பேசுகிற சத்தம். இண்டிகேட்டர். அதே கார், கடைசி வரைக்கும் அவர் மாற்றவில்லை.

"அங்கிள், ஸ்பீக்கர்ல இருக்கீங்க," என்றான் பையன், முதல் வார்த்தையாக. "அம்மா பின்னால இருக்காங்க. மேனேஜர் அங்கிளும் இருக்காங்க. ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்குப் போறோம். ஆம்புலன்ஸ் முன்னால போகுது."

அப்பன் ஒரு நாளும் சொல்லாததை மகன் எடுத்தவுடனே சொல்லிவிட்டான். அவன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

நாளைக்கு நாலு மணிக்கு அடக்கம் என்றான். அப்போது மேனேஜர் குரல் வந்தது, வயதாகித் தேய்ந்துபோய்.

"சார், அடக்கத்துல நீங்கதான் ரெண்டு வார்த்தை பேசணும். அவருக்கு உங்களை விட்டா யாரு இருக்கா?"

"வேண்டாம் சார்," என்றேன். "இதே வண்டியில நான் பேசினதை நீங்க ஒரு தடவை கேட்டீங்கல்லா. அதுவே போதும்."



"என்னது? என்ன சொல்லுதாரு?" என்று சாரின் மனைவி பின்னாலிருந்து கேட்டார்.

மேனேஜர் செருமினார்.

அந்தச் செருமலை இன்னொரு தடவை கேட்கத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன் போல. நிதானமாக போனை வைத்தேன்.

நாளை நாலு மணிக்குப் போவேன். மாலை வாங்கியாயிற்று. பேச மாட்டேன்.

போய்வாரும் செல்வராஜ் சார். இந்தக் கடைசி வண்டியில் நிஜமாகவே ஒத்தைக்குத்தான் போகிறீர்.

நம் பழைய மாணவர் குழுவில் பெயரை மறைத்துப் போட ஒரு வசதி இருக்கிறது. எழுதி முடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களில் பாதிப் பேர் யாரென்று கண்டுபிடித்துவிடுவீர்கள், தெரியும்.

இருந்தாலும், பேசுகிறவனுக்குத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருக்கிற சுகத்தை அவர் அத்தனை வருடம் அனுபவித்தார். நாளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இதைப் பற்றி நீங்கள் காதோடு காதாகப் பேசும்போது, பக்கத்தில் நிற்பவன் நானாகவும் இருக்கலாம்.

பெயர் இல்லாமலே போடுகிறேன்.