மாமா ஊசி போட்ட பிரிண்டர்

எங்கள் பாபநாசம் பக்கத்திலேயே பிரிண்டருக்கு முதன்முதலில் ஊசி போட்டு மை ஏற்றியவன் நான்தான். பொய். ஏற்றியவர் என் மாமா. நான் மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதையும் அடிக்கடி கீழே போட்டேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிம்மதியாக இருக்க விட்டவனிடம் இதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

அப்போது எனக்குப் பத்து வயது. காது குத்தியிருக்கவில்லை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, அவர் கொண்டுவரும் கடுக்கனைத்தான் போட வேண்டும். அந்த மாமாவோ துபாயில் இருந்தார். அவர் வரட்டும், வரட்டும் என்று என் காது ஓட்டையில்லாமலே வளர்ந்தது. ஊசி என்றாலே ஓடி ஒளிந்துகொள்கிறவன் என்பதால் அதில் எனக்கு வருத்தமே இல்லை.

ஒருநாள் மாமா வந்துவிட்டார். லீவாம். தோளில் ஒரு பை, கையில் பிரிண்டர் பெட்டி. சென்ட் இல்லை, டார்ச் லைட் இல்லை, ஒரு சாக்லேட்கூட இல்லை.

“கம்பெனிய மூடுறப்ப ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்கக்கா” என்றார் அம்மாவிடம்.

மூடும்போதுகூடப் பரிசு கொடுத்து அனுப்புகிறார்களே, என்ன தங்கமான கம்பெனி என்று நான் வியந்தேன்.

அப்பா மறுநாளே காதுகுத்துக்கு நாள் பார்த்துவிட்டார். பத்திரிகை அடிக்க வேண்டுமே என்றதும் மாமா துள்ளி எழுந்தார்.

“வீட்ல மெஷின வச்சுக்கிட்டு எதுக்கு அத்தான் அச்சகம்? நான் அடிச்சுத் தர்றேன்.”

எங்கள் உரக்கடைக் கணக்குக்கென்று வாங்கி, பிறகு பயந்துபோய் அப்பா வீட்டில் கொண்டுவந்து போட்ட கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதில் மாட்டினார். மேலே சிவப்புப் பிள்ளையார், கீழே என் பெயர். மாதிரிக்கு ஒன்றிரண்டு தாள் வந்ததும் கலர் மை தீர்ந்தது. கறுப்பு மட்டும்தான் மிச்சம்.

“கறுப்புல அடிச்சா காதுகுத்துக்கு எவனும் வரமாட்டான் மாப்ள. கருமாதின்னு நெனச்சு மாலையோட வருவான்” என்றார் அப்பா.

மாமா எங்கேயோ அலைந்து மை பாட்டில்களும் ஊசியும் வாங்கி வந்தார். மைப்பெட்டி தீப்பெட்டி அளவுதான். மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்தால் சிவப்புக்கு, நீலத்துக்கு, மஞ்சளுக்கு என்று குட்டி குட்டி ஓட்டைகள். எது எதற்கென்று மாமாவே பேனாவால் குறித்துவைத்தார். நான் பழைய துணியில் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஊசியில் நீலத்தை உறிஞ்சி, சிவப்பு ஓட்டைக்குள் இறக்கினார்.

“மாமா, அது செவப்பு ஓட்டை.”

“தெரியும்டா. ஆடாம புடி.”

பிள்ளையார் பச்சையாக வந்தார்.

“என்ன மாப்ள, புள்ளையாருக்குப் பாசி புடிச்சிருக்கு?” என்றார் அப்பா.

மாமாவுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. வாய்க்கால் கரையில் மதகுவரை போவார், திரும்புவார், மைப்பெட்டியைக் கழுவுவார், மறுபடியும் நடப்பார். அடுத்த தடவை அளவுக்கு மீறி ஏற்றினார். மை வழிந்து, பத்திரிகை மாட்டுப்பொங்கல் கொம்பு மாதிரி பட்டை பட்டையாக வந்தது.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மாமா வேண்டுமென்றே கெடுக்கிறார். எல்லாம் என் காதைக் காப்பாற்றத்தான்! எந்த மருமகனுக்கு இப்படி ஒரு மாமா கிடைப்பார்? நானும் ஒத்துழைத்தேன். பெட்டியைப் பிடிக்கும்போது கையை நன்றாக ஆட்டினேன். மாமா திட்டவே இல்லை.

அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. பாபநாசம் அச்சகத்துக்குப் போனவர், சாயங்காலமே மஞ்சள் அட்டையில் குங்கும எழுத்தோடு ஒரு கட்டுப் பத்திரிகையைக் கொண்டுவந்து வைத்தார். அதைப் பார்த்ததும் மாமா உட்கார்ந்துவிட்டார். ஊருக்கு வந்ததிலிருந்து அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில், “தேங்காய் வாங்கணும், நீயும் வாடா” என்று அவரை இழுத்துக்கொண்டு கும்பகோணம் பஸ் ஏறினாள். கொல்லையில் தென்னை குலை குலையாய்க் காய்த்து நிற்கும்போது தேங்காய்க்கு ஏன் கும்பகோணம் என்று யாரும் கேட்கவில்லை.

காதுகுத்தன்று மாமா வைத்த தாம்பாளத்தில் சிவப்புக்கல் கடுக்கன் மின்னியது. அப்பாவின் அக்காவான என் அத்தை அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“துபாய் தங்கம்ல? மினுப்பே தனி.”

“ஆமா அண்ணி” என்றாள் அம்மா.

மாமா மடியில் உட்கார்ந்தேன். ஆசாரி ஊசியை எடுக்கவே இல்லை, அதற்குள் மாமா அழ ஆரம்பித்துவிட்டார். என்னைக் காப்பாற்ற முடியாமல் போனதற்குத்தான் அழுகிறார் என்று நினைத்து, “பரவால்ல மாமா, நான் தாங்கிக்குவேன்” என்று அவர் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தேன். அப்புறம் அக்கரைவரை கேட்கும்படி நான் கத்தியது வேறு விஷயம்.

கத்திக்கொண்டே திரும்பியபோதுதான் அம்மாவைப் பார்த்தேன். அவள் காதில் தோடு இல்லை. ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சி செருகியிருந்தாள்.

“ஏம்மா காதுல குச்சி?”

“திருகாணி கழண்டு போச்சுடா. நீ அழு.”

அழுதேன். சம்பா அறுவடை முடிந்தும் அந்தக் குச்சி அங்கேயேதான் இருந்தது. ஒரு திருகாணி வாங்க இவ்வளவு நாளா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. லீவில் வந்த மனுஷன் எதற்காக எங்கள் உரக்கடையில் மூட்டை தூக்குகிறார் என்றும்...

“டேய், அங்க யார்கிட்டடா அளந்துக்கிட்டு இருக்க? மாமா வந்திருக்காரு, வா!”

அம்மா கூப்பிடுகிறாள். மீதியை அவரை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது.