கோணலாகப் பதிந்த டேப்புகள்

தன் திருமணத்தன்று, பங்குக் கோயில் பதிவேட்டில் கையெழுத்திடும் முன் அதை வரிவரியாகப் படித்து, மாப்பிள்ளையின் பிறந்த தேதியில் இருந்த பிழையைச் சாமியாருக்குச் சுட்டிக்காட்டியவர் ஜெனிதா. முக்காட்டுக்குள்ளிருந்து வந்த அந்தத் திருத்தத்தைப் புலியகுளத்து உறவினர்கள் நெடுநாள் சொல்லிச் சிரித்தார்கள். சூலூரில் பிறந்து, கணக்கில் பட்டம் பெற்று, கணபதிப் பகுதியில் ஒரு பம்புத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பேற்றபோதும் அந்தக் குணம் அவரோடு கூடவே வந்தது. அப்படிப்பட்டவரும் ஒன்றைச் சரிபார்க்காமல் விட்டிருந்தார். அது வெளிப்பட்டது 1996ஆம் ஆண்டு, பொங்கல் கழிந்த பிறகு வந்த ஒரு வியாழக்கிழமை காலையில்.

அந்தத் தொழிற்சாலையின் உயிர், அதன் வரைபடங்களில் இருந்தது. தலைமை வரைவாளர் சத்தியசீலன் முப்பது ஆண்டுகளாக மெழுகுத் துணியில் மையால் வரைந்து வைத்திருந்த பம்புகளின் படங்கள் பீரோக்களில் அடுக்கடுக்காகக் கிடந்தன. அவற்றையெல்லாம் கம்ப்யூட்டரில் திரும்ப வரையலாம் என்று முதலாளி சென்னகிருஷ்ணன் முடிவு செய்தபோது, சத்தியசீலன் ஜெனிதாவிடம் வந்து நின்றார்.

“அம்மணி, துணியில இருக்கறத எலி கடிச்சாலும் பாதி மிஞ்சும். உங்க பொட்டி கெட்டுப்போனா?”

“பொட்டி கெடுமுங்க சார். படம் கெடாது. அதுக்கு நான் பொறுப்பு” என்றார் ஜெனிதா.

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் சத்தியசீலன் மவுஸ் என்ற எலிக்குட்டியைக் கையில் பிடிக்கப் பழகினார். ஒவ்வொரு படமாகத் திரும்ப வரைந்தார். கடைசியாக நீர்மூழ்கி பம்புகளின் படங்களை முடித்ததும், பொங்கலுக்கு முந்தைய வாரம், பீரோக்கள் காலியாயின. மெழுகுத் துணியைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கினால் மையும் மெழுகும் போய், உள்ளே இருக்கும் மெல்லிய பருத்தித் துணி மல்லிகைப் பூப்போல வெளுத்து வரும். தொழிற்சாலையே அதைப் பங்கு போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கைக்குட்டை தைத்துக்கொண்டது.

ஜெனிதாவும் தன் சொல்லைக் காப்பாற்றும் வகையில்தான் வேலை செய்தார். ஒவ்வொரு நாள் மாலையும் சர்வரில் உள்ளதையெல்லாம் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு டேப்பில் பதிவார். பதிந்ததை, டேப்பை ஓட்டும் டிரைவ் என்ற சின்னப் பெட்டியே திரும்பப் படித்து ஒப்பிட்டுச் சரி என்று சொன்ன பிறகே இருக்கையை விட்டு எழுவார். கிழமைக்கு ஒரு டேப். சனிக்கிழமை டேப் மட்டும் அவரோடு மொபெட்டில் புலியகுளம் வீட்டுக்குப் போய்ப் பீரோவில் புடவைகளுக்கு நடுவே உறங்கும். மாதக் கடைசியில் பதிவது தனிப் பெட்டியில் சேரும். அதை ஒருபோதும் அழிப்பதில்லை.

அந்த வியாழக்கிழமை, தெருமுனைக் கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்து, தாங்கமாட்டாத மின்சாரம் உள்ளே பாய்ந்தது. ஸ்டெபிலைசர் வெடித்தது. சர்வரின் ஹார்டு டிஸ்க்கும் டேப் டிரைவும் கருகிய நாற்றம் காரிடார் முழுவதும் பரவியது.

சென்னகிருஷ்ணன் ஓடிவந்தார். “ஜெனிதாம்மா, கெட்டது பொட்டி மட்டுந்தானுங்களே? உள்ள இருந்ததெல்லாம் உங்க கையில பத்திரமா இருக்குதில்லீங்க?”

“இருக்குதுங்க சார்.” சொன்னபோது அவர் தயங்கவில்லை. தயங்கக் காரணமும் இருக்கவில்லை.

மறுநாள் காலை, கம்ப்யூட்டர் விற்ற நிறுவனத்தின் சர்வீஸ் இன்ஜினியர் சுஃப்யான் புதிய சர்வரையும், பழையதைப் போன்றே ஒரு புதிய டேப் டிரைவையும் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். கோட்டைமேட்டுப் பையன், பேச்சைவிடக் கை வேகம். எல்லாவற்றையும் இணைத்துவிட்டு, “போடுங்க மேடம்” என்றார்.

ஜெனிதா புதன்கிழமை டேப்பைப் போட்டார். டிரைவ் முனகியது, இழுத்தது, நின்றது. படிக்க முடியவில்லை என்று திரையில் ஒரு வரி வந்தது. செவ்வாய்க்கிழமை டேப்: அதே வரி. திங்கட்கிழமை: அதே. வீட்டிலிருந்து மகன் ஜெஃபின் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்த சனிக்கிழமை டேப்பும் அதையே சொன்னது.

வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்த சத்தியசீலன் கேட்டார்: “அம்மணி, உங்க டேப்புல பாட்டாச்சும் பாடுமுங்களா?”

யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. செய்தி பரவியதும் ஆளாளுக்குக் கைக்குட்டையை உதறிப் பார்த்தார்கள். ஸ்டோர்ஸில் வேலை செய்யும் ராமாமணி தன்னுடையதை வெளிச்சத்தில் பிடித்தபோது, ஒரு வட்டத்தின் கால்பகுதி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. “இது எந்தப் பம்புங்க சார்?” என்று அவர் கேட்க, சத்தியசீலன், “மூக்கு சிந்தற பம்பு” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சென்னகிருஷ்ணன் கடிந்து ஒன்றும் சொல்லவில்லை. “திங்கக்கெழம டிராயிங் போர்டுகளத் திரும்ப எடுத்துப் போட்டறலாமுங்க. பம்பப் பிரிச்சு அளந்து, முதல்ல இருந்து வரைஞ்சுக்கலாம். கம்ப்யூட்டர் ரூம அப்பறம் பாத்துக்கலாம்” என்று மட்டும் சொன்னார். அந்த மரியாதை, திட்டைவிட ஆழமாகக் குத்தியது.

ஜெனிதா உட்கார்ந்து யோசித்தார். அத்தனை டேப்பும் ஒன்றாகக் கெட்டுப்போக வழியில்லை. அப்படியானால் புது டிரைவ் கெட்டதா? அதையும் ஊகித்துச் சொல்லக்கூடாது, பார்க்க வேண்டும். மாதக் கடைசி டேப்புகளின் பெட்டியைத் திறந்து பின்னோக்கிப் போனார். டிசம்பர் படிக்கவில்லை. நவம்பர் படிக்கவில்லை. அக்டோபரும் இல்லை. செப்டம்பரைப் போட்டார்.

டிரைவ் சீராக ஓடத் தொடங்கியது. திரையில் கோப்புகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின.

“தம்பி! படிக்குது தம்பி!” ஜெனிதா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “டிரைவ் நல்லாத்தான் இருக்குது!”

ஆனால் செப்டம்பர் டேப்பில் நீர்மூழ்கி பம்புகள் இல்லை. அவை அதன் பிறகு வரைந்தவை. செப்டம்பர் முடிவுக்கும் அக்டோபர் முடிவுக்கும் இடையில் இந்த அறையில் என்ன நடந்தது என்று அவர் உரக்கவே கேட்டார்.

“ஆயுத பூசை வந்துச்சுங்க அக்கா” என்றார் ராமாமணி. பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

“நான் அன்னைக்கு லீவு. சொல்லு ராமாமணி, திட்டமாட்டேன்.”

“எல்லா மிஷினுக்கும் சந்தனம் வெச்சமுங்க. இதை மட்டும் விட்டா கோவிச்சுக்குமுன்னு, எறக்கித் தொடச்சு, பொட்டு வெச்சு, மாலை போட்டு… திரும்பத் தூக்கி வெக்கறப்ப அந்தச் சின்னப் பொட்டி கையவிட்டு நழுவிப்போச்சுங்க. டொக்குன்னு ஒரு சத்தம். அப்பறம் லைட்டெல்லாம் எரிஞ்சுதுங்க அக்கா! நல்லாத்தான் வேல செஞ்சுது. அதனால சொல்லுலீங்க.”

சுஃப்யான் கேட்டு முடிக்கக்கூட இல்லை. கருகிய டிரைவை மேசையில் கவிழ்த்துத் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கியிருந்தார். உள்ளே, ஓடும் டேப்பை மேலும் கீழும் போகாமல் பிடித்து நிறுத்தும் சிறிய உருளைகள் இரண்டு உண்டு. அவற்றின் உயரத்தைத் தொழிற்சாலையில் சரிபார்த்து, நகராதபடி அரக்குப் போலொரு பசையால் ஒட்டியிருப்பார்கள். ஒன்றில் அந்தப் பசை விரிந்து கிடந்தது. உருளை ஒரு மயிரிழை கீழே இறங்கியிருந்தது.

“எங்க அத்தா கடையில வீடியோ டெக்கு ரிப்பேருக்கு வருமுங்க மேடம்” என்றார் அவர், கண்ணை எடுக்காமலே. “ஒருத்தர் ஊட்டு டெக்குல பதிஞ்ச கல்யாணக் கேசட்டு அவங்க டெக்குல ஜம்முன்னு ஓடும்; அடுத்த ஊட்டுல போட்டாப் படம் பூரா கோடு. உருளை எறங்கியிருந்தா அப்படித்தான். கோணலா எழுதும், அதே கோணல்ல படிக்கும். அதுக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியாதுங்க.”

ஜெனிதாவுக்குப் புரிந்தது. அத்தனை மாலைகளிலும் அந்த டிரைவ் தன் கோணலைத் தானே திருத்தித் தானே முழு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தது. ஒரே ஒரு முறை, ஒரே ஒரு டேப்பை இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருந்தால் அக்டோபரிலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். ஆனால் அந்த வருத்தத்தை மீறி வேறொன்று உள்ளே துள்ளியது: அப்படியானால் படங்கள் டேப்பில் இருக்கின்றன! ஒன்றுகூட அழியவில்லை!

“பழைய டிரைவுக்கு உயிர் குடுக்க முடியுமா தம்பி?”

“மோட்டாரு, போர்டு எல்லாம் கரிங்க மேடம். ஒரே வழிதான். புதுசையும் அதே மாதிரிக் கோணலாக்கணும். கம்பெனி சீலை ஒடச்சா வாரண்டி போச்சு. ஆபீஸ்ல என்னைய உப்புக்கண்டம் போட்ருவாங்க.”

இருவரும் முதலாளி அறைக்கு ஏறக்குறைய ஓடினார்கள். நல்ல டிரைவை வேண்டுமென்றே கெடுக்க அனுமதி கேட்டு வந்தவர்களைச் சென்னகிருஷ்ணன் அதுவரை பார்த்ததில்லை. முழுவதும் கேட்டார். “சுஃப்யானு, ஒடைக்கறது நீங்க, ஒடைக்கச் சொன்னது நான். உங்க மேனேஜர்கிட்ட இப்பவே போன் பண்ணிச் சொல்லிப்போடறேன். ஒடைங்க!”

சனிக்கிழமை காலை, வெயில் நன்றாக விழும் ஜன்னலோரம் மேசை போடப்பட்டது. புது டிரைவின் மூடி கழன்றது. சுஃப்யான் புதன்கிழமை டேப்புக்குக் கை நீட்டியபோது ஜெனிதா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இது வேண்டாம். உருளை சரியில்லாட்டி டேப்போட ஓரம் மடங்கிப்போகுமில்ல? நவம்பர் டேப்புல சோதிக்கலாம். அது போனாப் போகட்டும். புதன்கிழமை டேப் கடைசியா ஒரே ஒரு தடவைதான் உள்ள போகணும்.”

“அதுவும் சரிதானுங்க.”

கடிகாரக்காரர்களின் திருப்புளி ஒன்று சுஃப்யானின் விரல்களுக்கு நடுவே இருந்தது. கால் சுற்றில் கால் பங்குதான் திருகினார். டேப்பைப் போடு, முனகல், பிழை. எடு. இன்னும் கொஞ்சம் திருகு. போடு. பிழை. அறைக்கு வெளியே லேத்துக்காரர்களும் வார்ப்படக்காரர்களும் கூடிவிட்டார்கள். உள்ளே டேப் ஓடும்போதெல்லாம் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வதும், அது நின்றவுடன் உச்சுக்கொட்டுவதுமாக இருந்தது. “ராமாமணியக் கூப்டு இன்னொரு தடவ கீழ போடச் சொல்லுங்கப்பா, சுலபமா முடிஞ்சுரும்” என்று ஒருவர் சொல்ல, ராமாமணி, “உன்ற தலையில போடறேன் வா!” என்று பாய்ந்தார்.

அப்போது முனகல் மாறியது. இழுத்து நிற்கும் ஓசை போய், ஒரு பெயர் திரையில் வந்தது. மறைந்தது. வந்தது.

“நிறுத்துங்க! கொஞ்சம் தாண்டிட்டீங்க. பின்னால வாங்க, ஒரு துளி” என்றார் ஜெனிதா.

ஒரு துளி பின்னால் வந்தார் சுஃப்யான். பெயர்கள் ஏறத் தொடங்கின, ஏறிக்கொண்டே இருந்தன. நவம்பர் டேப் முழுவதும் ஓடி முடிந்தது. யாரும் கத்தவில்லை, இன்னும் ஒன்று பாக்கி என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஜெனிதா புதன்கிழமை டேப்பை எடுத்து, அதில் எதுவும் எழுதப்படாதபடி காக்கும் சிறு தாழ்ப்பாளை நகர்த்தினார். சிலுவை போட்டுக்கொண்டார். உள்ளே தள்ளினார்.

அது ஓடியது. இரைச்சலே இல்லாமல், பட்டுப்போல ஓடியது. கடைசியாக வரைந்த நீர்மூழ்கி பம்பின் பெயர் திரையில் ஏறியதும் வாசலில் எழுந்த கூச்சலில் பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் விபத்தோ என்று சுவர்மேல் எட்டிப் பார்த்தார்கள். சென்னகிருஷ்ணன் சுஃப்யானைக் கட்டிப்பிடித்துத் தூக்கியேவிட்டார்.

சத்தியசீலன் மட்டும் கூச்சலில் சேரவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு படத்தைத் திறக்கச் சொல்லி, ஒவ்வோர் அளவாக உதட்டுக்குள் முணுமுணுத்துப் பார்த்தார்.

“எல்லாஞ் சரியாத்தான் இருக்குதுங்க அம்மணி. ஆனா ஒண்ணு கேக்கறன். இது கோணப் பொட்டியில வந்தது. நாளைக்கு இதுவும் கருகிப்போனா?”

ஜெனிதா அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். “அதைத்தான் இப்பப் பாக்கப் போறமுங்க சார். நீங்களும் வாங்க.”

சுஃப்யான் தன் அலுவலகத்திலிருந்து இன்னொரு டிரைவை வரவழைத்தார். யாரும் தொடாத, நேரான டிரைவ். மீட்டதையெல்லாம் அதில் புதிதாகப் பதிந்தார்கள். டேப்பைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, ஜெனிதாவும் சத்தியசீலனும் முதலாளியின் காரில் அவிநாசி சாலையில் இருந்த சுஃப்யானின் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே, அந்த டேப்பை அதுவரை கண்டே இராத ஒரு கம்ப்யூட்டரில் சுஃப்யான் அதைப் போட்டார்.

“எந்தப் படம்னு நீங்களே சொல்லுங்க சார். நான் தேர்ந்தெடுத்தா அது சோதனை ஆகாது” என்றார் ஜெனிதா.

சத்தியசீலன் வேண்டுமென்றே யாரும் கேட்காத ஒரு பழைய கிணற்றுப் பம்பின் பெயரைச் சொன்னார். டேப் ஓடியது. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றாக விரிந்து, அந்தப் பம்பின் சுழலி மலர்போல நடுவில் வந்து நின்றது. அவர் முகம் திரைக்கு மிக அருகே போனது.

“இனிமேலு வாராவாரம் சனிக்கெழம இப்படி ஒண்ணை வேற கம்ப்யூட்டர்ல எடுத்துக் காட்டுவேனுங்க. படத்தை நீங்க சொல்லணும்” என்றார் ஜெனிதா.

சத்தியசீலன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அது அடுத்த வாரமுங்க அம்மணி. இப்ப இன்னொண்ணு போடுங்க.”