பத்தாவது தடத்தில் ஒரு தாலாட்டு

கணினியில் ஓர் இசை மென்பொருளை வைத்துக்கொண்டு மிடி நோட்டுகளை, அதாவது பாட்டின் சுரங்களை, திருத்துவதுதான் அவர் பிழைப்பு. அவருக்கு நூல்பிடி என்று பெயர் வைத்தவள் அவர் மனைவியேதான். அந்த மென்பொருளில் பாட்டு என்பது கட்டம் போட்ட திரையில் கிடக்கும் சின்னச் சின்னப் பட்டைகள். ஒரு பட்டை கோட்டைவிட்டு மயிரிழை விலகி நின்றாலும் மனிதருக்குச் சோறு இறங்காது. இழுத்துக் கோட்டில் நிறுத்திவிட்டுத்தான் கைகழுவப் போவார். ஒரு நோட்டின் அழுத்தத்தை அறுபத்து நாலிலிருந்து அறுபத்து மூன்றாக்கிவிட்டு, "இப்ப எப்படி இருக்கு?" என்பார்.

"உசிரே வந்துடுச்சுங்க" என்பாள் மனைவி, காதில் பஞ்சோடு.

மாமனாருக்கு மெத்தைக் கடை. "கடையில போட ஒரு தாலாட்டு பண்ணிக் கொண்டாங்க மாப்ளே. கேட்டவங்க சொக்கணும். இல்லைன்னா திங்கக்கிழமையிலேருந்து இங்கதான் உங்களுக்கு வேலை" என்றார்.

ஒன்பது நாள் தாடி வளர்ந்தது. ஒலியை அடைத்துவிட்டுக் கண்ணாலேயே திருத்துவது நூல்பிடியின் வழக்கம். காது ஏமாற்றும், கோடு ஏமாற்றாதாம். கடைசி நாள், நெருக்கமாக இருக்கிறதென்று புல்லாங்குழல் நோட்டுகளை வெட்டி, காலியாகக் கிடந்த பத்தாவது தடத்தில் ஒட்டினார். அது தாளக் கருவிகளுக்கென்றே ஒதுக்கிய தடம். அங்கே போன நோட்டு குழலாக ஊதாது. ஒன்று டிரம்மாக இடிக்கும், ஒன்று விசிலாகக் கிழிக்கும். பார்வைக்கு என்னவோ பட்டைகள் அணிவகுப்புப் போல அம்சமாக நின்றன.

சனிக்கிழமை கடையில் பதினேழு பேர், மெத்தையைச் சோதிக்கிறேன் பேர்வழி என்று குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வந்து மூன்று நாளாயிற்று. பல்துலக்கியும் கையோடு கொண்டுவந்திருந்தார். மருமகன் தாலாட்டைத் தட்டிவிட்டார்.

பாத்திரக் கடைக்குள் பத்து யானை சண்டை போட்டால் எப்படியோ, அப்படி. பதினேழு பேரும் படுத்தவாக்கிலேயே மூன்றடி எழும்பினார்கள், இறங்கியது தெருவில்.

மாமனார் கல்லாவைக் கட்டிப்பிடித்தபடி, "இதுவா மாப்ளே தாலாட்டு?" என்றார்.

"தடம் மாறிடுச்சு மாமா..." என்றார் மருமகன்.

மாமனார் கடையைச் சுற்றிப் பார்த்தார். மெத்தைகள் அத்தனையும் காலி. கடை திறந்த நாளுக்குப் பிறகு இன்றுதான் அவற்றின் பூப்போட்ட துணியைப் பார்க்கிறார்.

"அடேயப்பா! தண்ணி தெளிச்சும் எழுந்திருக்காத ஆளுங்க! நீங்க இங்க வரவே வேணாம் மாப்ளே. வீட்டுல உக்காந்து மத்தியானத்துக்கு ஒண்ணு, சாயங்காலத்துக்கு ஒண்ணு இதே மாதிரி போட்டு அனுப்புங்க."

நூல்பிடி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"அப்பா சொக்கிட்டாரா?" என்றாள் மனைவி.

"உக்காரவே இல்லை. முழுசையும் நின்னுக்கிட்டேதான் கேட்டார்."