மிஷினில் கோளாறு இல்லை

ரோஸ்மேரி அக்காவின் போன் வந்தபோது நான் ஒரு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். "டாக்டரம்மா, அவரு போயிட்டாரு. ஒரு வாய் காபி கேட்டாரு. ஆத்தி எடுத்துட்டு வர்றதுக்குள்ள..." என்றார். அவருடைய வீட்டுக்காரர் தேவசகாயம் அண்ணா போய்விட்டார். ஒன்றரை வருஷமாக வரும் வரும் என்று தெரிந்திருந்த செய்திதான். ஆனாலும் கையிலிருந்த பேனாவை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரி இதழில் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் சகாயம் அண்ணா கையால் ஷாக் வாங்கியவர்களாகத்தான் இருப்பீர்கள். எங்கள் நரம்பு, தசைப் பரிசோதனை அறையில் பதினாறு வருஷம் அவர் டெக்னீஷியன், நான் ரிப்போர்ட் எழுதும் டாக்டர். கட்டைவிரலின் அடித்தசை மேல் ஒரு பட்டையை ஒட்டி, மணிக்கட்டில் லேசாகக் கரண்ட் கொடுப்பார். அது நரம்பு வழியாகப் போய்த் தசையை எட்டியதும் விரல் துள்ளும், திரையில் ஒரு அலை எழும்பும். அலை உயரமாக இருந்தால் நரம்பு சொன்ன பேச்சைத் தசை கேட்கிறது என்று அர்த்தம்.

கரண்ட் என்றதும் யாருக்குத்தான் பயம் வராது? அதற்கு அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். "முதல்ல எனக்கு" என்று சொல்லி, தன் வலது கையில் பட்டையை ஒட்டிக்கொண்டு, தனக்குத்தானே ஷாக் கொடுத்துக்கொள்வார். கட்டைவிரல் துள்ளும். "பாத்தீங்களா, செத்தா போயிட்டேன்?" என்பார். தமிழில் "பயப்படாதீங்க", கன்னடத்தில் "ஹெதர்பேடி", சிவாஜிநகர் பாய்மார்களுக்கு அவர்களுடைய உருதுவில் "டரோ நக்கோ". தினமும் காலையில் எழுப்பும் தன் முதல் அலையை மிஷினில் சேமித்தும் வைப்பார். மிஷின் ஒழுங்காக இருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சியாம்.

மேஜை மேல் சாண் நீளத்துக்கு ஒரு இரும்பு வடம் கிடக்கும். அவருடைய அப்பா கோலார் தங்கவயல் சுரங்கத்தில் கூண்டை ஏற்றி இறக்கும் இன்ஜின் ஓட்டியவர். சுரங்கம் மூடியபோது அந்தக் கூண்டு வடத்திலிருந்து வீட்டுக்கு வந்த துண்டு அது. அத்திபெலேயிலிருந்து வந்த இரும்புக்கடைக்காரர் ஒருவரிடம் அண்ணா அதைக் காட்டினார். "இதப் பிரிச்சா புரி புரியா வரும். புரியப் பிரிச்சா கம்பி. நம்ம தசையும் இப்படித்தான். கட்டுக்குள்ள கட்டு. ஒவ்வொரு இழையையும் பிரிச்சா உள்ள இன்னும் மெல்லிசா நூறு நூறா நுண்ணிழை இருக்கும்." கடைக்காரருக்கு ஷாக் பயமெல்லாம் பறந்துவிட்டது. வடத்தை உருட்டி உருட்டிப் பார்த்தார். "பழைய மால்ங்க. இப்பல்லாம் இப்படி வர்றதில்ல. குடுக்கறீங்களா?" என்று பேரத்தில் இறங்கிவிட்டார்.

வெளியே பெஞ்சில் எட்டுப் பேர் காத்திருக்க, உள்ளே இந்தக் கதை நடந்தால் எனக்கு எரிச்சல் வருமா வராதா? "சகாயம் அண்ணா, நாம டெஸ்ட் எடுக்கறமா, டியூஷன் எடுக்கறமா?" என்று ஒருநாள் கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "உடம்பு அவங்களுது மேடம். உள்ள என்ன நடக்குதுன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?" என்றார். அடுத்த ஆளுக்கும் அதே டியூஷன்தான்.

அடுத்து வந்தவர் ஈஜிபுராவிலிருந்து ஒரு ஆட்டோக்காரர். கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது என்று வந்திருந்தார். அண்ணா இரண்டு கை விரல்களையும் எதிரும் புதிருமாகக் கோத்துக் காட்டினார். "இது ஆக்டின், மெல்லிசு. இது மயோசின், தடிப்பு. தசை சுருங்கும்போது இதுங்க குட்டையாகறதில்ல. ஒண்ணுக்குள்ள ஒண்ணு வழுக்கிட்டுப் போகுது, அவ்ளோதான்." நரம்பின் உத்தரவு வந்ததும் இழைக்குள் கால்சியம் பரவும், அது மெல்லிய இழையில் மூடியிருக்கும் இடங்களைத் திறந்துவிடும், தடித்த இழையின் தலைகள் அங்கே பிடித்து இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும். "பிடிக்கறது பெரிசில்லப்பா. விடறதுக்கும் சக்தி வேணும்" என்றார். இதையெல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து பாஸ் பண்ணியவள் நான். விடுவதற்குச் சக்தி வேண்டும் என்பதை அவர் சொல்லித்தான் ஒரு நிமிஷம் நின்று யோசித்தேன்.

இன்னொன்று அடிக்கடி சொல்வார். "தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதான் ஜோடி ஜோடியா வெச்சிருக்கு. மடக்க ஒண்ணு, நீட்ட ஒண்ணு. எங்க வீட்லயும் அப்படித்தான், நான் பர்ஸ மடக்குவேன், ரோஸி கைய நீட்டுவா." ரோஸ்மேரி அக்காவிடம் இதைப் போட்டுக்கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் அவருக்கு டிபனில் வெறும் தயிர்சாதம்தான் வந்தது.

அப்படிப்பட்ட மனிதரின் காலை அலை ஒரு மழைக்காலத்தில் குள்ளமாகத் தொடங்கியது. பட்டை காய்ந்திருக்கும் என்றேன். புதுசு ஒட்டினார். ஒயர் லூஸ் என்றேன். மாற்றினார். அலை வாரத்துக்கு வாரம் இறங்கியது. மதியம் டிபன் பாக்ஸை அவர் இடது கையால் திறப்பதையும் பார்த்தேன். கட்டைவிரலின் அடிமேடு பள்ளமாகிக்கொண்டு வருவதையும் பார்த்தேன். இதே அலையும் இதே கையும் வேறு யாருடையதாவது இருந்தால் அன்றைக்கே என் வாயில் நோயின் பெயர் வந்திருக்கும். வரவில்லை. "இந்த மிஷின் ஒரு தண்டம்ணா, சர்வீஸுக்குப் போன் போடுங்க" என்றேன். என் எதிரிலேயே போன் போட்டார்.

சர்வீஸ் இன்ஜினியர் வந்து துடைத்து, திருகி, போனார். அலை ஏறவில்லை. மறுபடி வரச் சொன்னேன். இரண்டாவது தடவை அந்த மனிதர் பட்டையைத் தன் கையிலேயே ஒட்டிக்கொண்டு ஸ்விட்சை அழுத்தினார். அலை திரையின் உச்சி வரைக்கும் போய் நின்றது. "மிஷின்ல கோளாறு இல்ல மேடம்" என்றார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சகாயம் அண்ணாதான், "டீ சாப்பிட்டுப் போங்க சார்" என்று அவரை வெளியே அழைத்துப் போனார்.

அன்று சாயங்காலம் அண்ணாவிடம் சொன்னேன். மூச்சுவிடாமல் பேசுகிற நான் அந்த ஒரு விஷயத்தைச் சொல்ல அரைமணி நேரம் எடுத்துக்கொண்டேன். தசைக்கு உத்தரவு அனுப்பும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக இறந்துபோகும் நோய் அது. மருந்தால் கொஞ்சம் தள்ளிப் போடலாம், நிறுத்த முடியாது. நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றினார். "தசை மேல தப்பில்ல மேடம். உள்ள எல்லாம் வேலைக்கு ரெடியாத்தான் நிக்குது. மேலிருந்து ஆர்டர் வரல, பாவம், அது என்ன பண்ணும்?" எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அதற்குப் பிறகும் பல மாதங்கள் வேலைக்கு வந்தார். வலது கை போனதும் இடது கை. அதுவும் தளர்ந்ததும் நான் ஸ்விட்சை அழுத்த, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். "வாய் இருக்கே, போதாதா?" என்பார். பேச்சு குழறத் தொடங்கிய பிறகுதான் வேலையிலிருந்து நின்றார்.

அடக்கம் முடிந்து லிங்கராஜபுரத்தில் அவர் வீட்டுக்கு வந்தோம். கூட்டம் குறைந்ததும் ரோஸ்மேரி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, மனசை அறுத்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். "அக்கா, அண்ணாகிட்ட சொல்றதுக்கு மூணு மாசம் முன்னாடியே எனக்குத் தெரியும். தைரியம் வரல. மிஷினைத் திட்டிக்கிட்டே நாளை ஓட்டிட்டேன். மன்னிச்சிடுங்க."

அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அவருக்கு உங்களுக்கும் முன்னாடியே தெரியுமேம்மா. வேற ஆஸ்பத்திரில காட்டி ரிப்போர்ட்டே வாங்கிட்டாரு. 'மேடம் பாவம், மிஷினைத் திட்டிட்டு இருக்காங்க ரோஸி. அவங்களால இன்னும் தாங்க முடியல. அவங்களா சொல்ல வர்ற வரைக்கும் நான் வாயத் திறக்கப் போறதில்ல'ன்னாரு. சர்வீஸுக்குப் போன் போட்டதக்கூட வந்து சொன்னாரே."

அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு மூன்று மாதம் வாயை மூடியிருந்தேன். அந்த மூன்று மாதமும் அவர்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தன் சாவை மடியில் வைத்துக்கொண்டு, நான் மாற்றச் சொன்ன ஒயரையெல்லாம் மாற்றிக்கொண்டு. இவ்வளவு நல்ல மனுஷன் மேல் கோபப்படாமல் எப்படி இருப்பது? சொல்லியிருக்கலாமே அண்ணா. சேர்ந்து பயந்திருப்போமே.

போன வாரம் ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தார். அலை சரியில்லை. "ஒயர் லூஸாக இருக்கும்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். அவர் பட்டை ஒட்டிய தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நீங்க கூட இருப்பீங்களா டாக்டர்?" என்று கேட்டார்.

"இருப்பேன்" என்றேன். சகாயம் அண்ணாவுக்கு மூன்று மாதம் தராமல் வைத்திருந்த வார்த்தை அது.