குரக்கன் பியரும் கோயில் மெழுகும்

சூசையண்ணா, உங்களுடைய முப்பத்தோராம் நாள் பூசை நேற்று முடிந்தது. ஆறே நாள் காய்ச்சல், அவ்வளவுதான். பூசைக்கு வந்தவர்கள் எல்லாரும் தலைமன்னார்ப் பட்டறையில் நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரர் என்றுதான் பேசினார்கள். அந்தப் பட்டறைக்குள் நீங்கள் எப்படிப் போனீர்கள் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். மற்றவர்களும் அறியட்டும் என்று வந்த மாதிரி எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பத்தொன்பது. எங்கள் வீடு ஓலைத்தொடுவாய் என்ற கடற்கரை ஊரில். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. இரண்டு பேர் போனால்தான் அதில் தொழில் செய்யலாம். ஒருவர் வள்ளத்தைப் பிடிக்க வேண்டும், மற்றவர் வலையை விட வேண்டும். அப்பாவோடு போவது அண்ணன். கரை கண்ணுக்கு மறைவதற்கு முன்னமே அண்ணன் சத்தி எடுக்கத் தொடங்கிவிடுவார். ஐந்து வருடம் போயும் அது நிற்கவில்லை. மீனுக்கு இரை போடுகிற செலவு தனக்கு மிச்சம் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் தகரத்தை அண்ணனின் கையில் கொடுத்தால் போதும். விளக்கு, வாளி, கோயில் தூபக்கால், எல்லாம் ஒட்டித் தருவார். தலைமன்னார் இறங்குதுறைப் பட்டறையில் சேர வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. ஒருநாள் நடந்தே போய், பட்டறைக்குப் பெரியவரான வெள்ளைக்காரத் துரையிடம் வேலை கேட்டார். அது உலகச் சண்டைக் காலம். கப்பலில் பியர் வருவது நின்றுபோய்த் துரை எந்த நேரமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தாராம். எனக்கு ஆள் வேண்டாம், பியர்தான் வேண்டும், அதைச் செய்துகொண்டு வா, வேலை தருகிறேன் என்று, பட்டறையில் கணக்கெழுதுகிற கிளாக்கர் மூலம் தமிழில் சொன்னார். அதோடு விடாமல், தன் தகப்பன் வீட்டுக் கொட்டிலில் தானியத்தை முளைக்க வைத்து, வெந்நீரில் ஊறப்போட்டு, வடித்துக் காய்ச்சிப் புளிக்க வைக்கிற விதத்தையும் சொல்லியிருக்கிறார். அவர் பகிடிக்குச் சொன்னது. அண்ணன் அதைப் பகிடியாக எடுக்கவில்லை.

சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று ஓயும்வரை எங்கள் வள்ளம் கடலுக்குப் போகாது. அப்பா அதையே கெடுவாக வைத்தார்.

"சோளகக் காத்து விழுமட்டும் உன்ர கூத்தை ஆடு. விழுந்த அடுத்த நாள் வள்ளத்தில நிக்கோணும். பிறகு தகரம், துரை எண்டு கதைக்கப்படாது."

அண்ணன் முதலில் கடையில் பார்லி வாங்கி ஊறவைத்தார். நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சுகிற பார்லி அது. தோல் போன தானியம் எங்கே முளைக்கும்? மூன்றாம் நாள் நாறியது. கோழிகூடக் கிட்டப் போகவில்லை. அப்போதுதான் அம்மா, தம்பிக்குக் கூழ் காய்ச்ச வைத்திருந்த குரக்கனைக் கொண்டுவந்து வைத்தார். குரக்கனை முளைகட்டுவது அம்மாவுக்குப் புதிதில்லை. எங்கள் எல்லாரையும் அந்தக் கூழில்தான் வளர்த்தவர்.

தானியம் கிடைத்தது. இனிச் சாமான் செய்ய வேண்டும். அண்ணன் மண்ணெண்ணெய்த் தகரம் இரண்டைச் சாம்பலும் மணலும் போட்டு மணம் போகும்வரை தேய்த்தார். நான் கை வலிக்க உதவினேன். ஒன்று தண்ணீர் கொதிக்க, மற்றது வடித்ததைக் காய்ச்ச. ஊறப்போடுவதற்கு ஒரு பழைய பீப்பாவைப் பாதியாக அறுத்தார். உடைந்த அடுப்பொன்றில் கழற்றிய செப்புக் குழாயில் ஆணியால் வரிசையாக ஓட்டை போட்டுப் பீப்பாவின் அடியில் பொருத்தினார். அதற்கு மேலே பனையில் உரித்த பன்னாடையை இரண்டு மடிப்பாக விரித்தார். சக்கை மேலே நிற்கும், சாறு குழாயால் வெளியே வரும். சூடு போகாமல் சுற்றிக் கட்டக் கிழிந்த வள்ளப் பாய். முளைத்துக் காய்ந்த குரக்கனை மாவாகாமல் உடைப்பதற்குத் திரிகையின் இரண்டு கல்லுக்கும் நடுவே ஒரு தோல் துண்டு.

"கள்ளு மரத்தில தொங்குது. இவர் குரக்கனுக்குள்ள கையை விட்டுத் தேடுறார்" என்று அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் கேட்கச் சொன்னார்.

பெரிய சிக்கல் சூடு. தண்ணீர் ஒரு அளவான சூட்டில் இருந்தால்தான் தானியம் இனிக்குமாம். கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. துரையிடம் சூடு பார்க்கிற கண்ணாடிக் குழாய் இருந்தது. அதில் எந்தக் கோடு என்று காட்டினாரே தவிர, குழாயைத் தரமாட்டேன் என்றுவிட்டார். அண்ணன் விடவில்லை. ஒவ்வொரு சாமானாகக் கொண்டுபோய், துரையின் சமையல்காரரைக் கெஞ்சி, வெந்நீரில் குழாயோடு சேர்த்து விட்டுப் பார்த்தார். கோயில் மெழுகுதிரியின் தேன்மெழுகு, துரை காட்டிய அந்தக் கோட்டிலேயே உருகியது. அண்ணன் விரலளவில் ஒரு தகரத் தோணி செய்தார். அதில் ஒரு துண்டுத் தேன்மெழுகை வைத்துத் தண்ணீரில் மிதக்க விட்டால், மெழுகு உருகுகிற நேரம் சூடு சரி.

மெழுகு கொண்டுவருவது என் பொறுப்பு. கோயிலில் மணியடித்து மெழுகுதிரி ஏற்றுகிற சங்கிலித்தாமிடம் எரிந்த துண்டுகளைக் கேட்டு வாங்க வேண்டும். முதல் நாள்தான் செபத்தின் நடுவில் சிரித்ததற்கு அவர் என் காதை முறுக்கியிருந்தார். எனக்குப் போகப் பயம். அம்மாவின் பெட்டிக்குள் கடையில் வாங்கிய வெள்ளை மெழுகுதிரி ஒன்று கிடந்தது. அதை உடைத்துக் கொண்டுவந்து, கோயில் மெழுகு என்று கொடுத்தேன். மெழுகென்றால் மெழுகுதானே என்று நினைத்தேன்.

வெள்ளை மெழுகு கெதியாகவே உருகிவிட்டது. அண்ணன் குரக்கனைக் கொட்டி, மூடி, பாயால் சுற்றிக் கட்டிவிட்டு, பிள்ளைப்பேறு பார்க்கிறவர் மாதிரி குந்தியிருந்தார். இரண்டு மணித்தியாலம் கழித்துக் குழாயைத் திறந்தால் வெறும் கஞ்சித்தண்ணீர் வந்தது. துளி இனிப்பில்லை. அப்பா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, உப்புப் போட்டால் எருமைக்கு வைக்கலாம் என்றார். அண்ணன் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. வாசலில் நின்று காற்றைப் பார்த்தார். காற்று குறைந்துகொண்டு வந்தது.

அடுத்த நாள் பீப்பா கழுவுகிற நேரம் அழுதுகொண்டு சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அண்ணன் தோணியில் காய்ந்திருந்த மெழுகைச் சுரண்டிப் பார்த்தார். கடை மெழுகு குறைந்த சூட்டிலேயே உருகிவிடும்.

"இவ்வளவு வெள்ளையாக் கிடக்கு, நானும் பாக்கேல்லத்தானே. உனக்குப் பயம், எனக்கு அவசரம். போய்ச் சங்கிலித்தாமிட்டக் கேள். காது ரெண்டிருக்கு, ஒண்டைக் குடுத்திட்டு வா."

போனேன். சங்கிலித்தாம் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு கதவடியில் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, துண்டு தருகிறேன், சரி வந்தால் எனக்கும் ஒரு போத்தல் என்றார். காதைத் தொடவில்லை.

அம்மா மிச்சக் குரக்கன் முழுவதையும் தந்துவிட்டார். அது ஊறி, முளைத்து, வெயிலில் காய்ந்து வரும்வரை நானும் அண்ணனும் கோழியை மாறி மாறிக் கலைத்தோம். இந்த முறை மெழுகு உருக நேரம் எடுத்தது. குழாயைத் திறந்ததும் வந்த சாறு சிவப்பு. அண்ணன் விரலில் தொட்டு முதலில் என் வாயில்தான் வைத்தார். கருப்பட்டித் தண்ணீர் மாதிரி இனித்தது. கசப்புக்கு ஒரு பூப் போட வேண்டும் என்று துரை சொன்னாராம். அந்தப் பூ எங்களுக்கு எங்கே கிடைக்கும்? அம்மா கொதிக்கிற சாற்றுக்குள் காய்ந்த வேப்பம்பூவை ஒரு பிடி போட்டார். ஆறினதும் பானையில் ஊற்றி, அப்பத்துக்கு விடுகிற கள்ளு மண்டியைக் கலந்து மூடினோம். நாலு நாள் பானை வண்டுக்கூடு மாதிரி இரைந்தது.

காற்று விழுந்துவிட்டது. போத்தல்களை நடந்து கொண்டுபோனால் வெயிலில் வெடிக்கும் என்றார் அண்ணன். அப்பா வள்ளத்தைத் தள்ளினார். நானும் ஏறிக்கொண்டேன். அண்ணன் ஆறு போத்தலையும் ஈரச் சாக்கில் சுற்றி மடியில் அணைத்தபடி வழியெல்லாம் சத்தி எடுத்தார். போத்தலில் படாமல் கழுத்தைத் திருப்பித் திருப்பி எடுத்ததைப் பார்த்து அப்பாவே சிரித்துவிட்டார்.

துரை ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது. இன்னொரு வாய் குடித்தார். இது பியர் இல்லை, ஆனால் பியருக்கு ஏதோ தூரத்துச் சொந்தம் என்று அவர் சொன்னதாகக் கிளாக்கர் சொன்னார். சூட்டை எப்படிப் பார்த்தாய் என்று துரை கேட்டார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து தகரத் தோணியை எடுத்து நீட்டினார். துரை அதைப் புரட்டிப் புரட்டி, ஒட்டின இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு கிளாக்கரிடம் ஏதோ சொன்னார்.

"திங்கக்கிழமை வரச் சொல்லுறார்" என்றார் கிளாக்கர்.

அண்ணன் அப்பாவைப் பார்த்தார். அப்பா சொன்னார்:

"என்னை ஏன் பாக்கிறாய்? ஓம் எண்டு சொல்லன்ரா."

அந்தத் திங்கட்கிழமை அண்ணன் தலைமன்னார் போய், அங்கேயே தங்கிவிட்டார். சங்கிலித்தாமுக்கு அவருடைய போத்தல் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஞாயிறு மணி கொஞ்சம் பிந்தித்தான் அடித்தது.

அப்பா அதன் பிறகு வள்ளத்தைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டு, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் ஒருவரின் கரைவலைக்கு, கரையில் நின்று கூலிக்குக் கயிறு இழுக்கப் போனார். ஏன் எங்கள் வள்ளத்தில் போகவில்லை என்று கேட்டேன். அது ஒழுகுது பிள்ளை என்றார். எனக்கு அது நல்லதாகவே பட்டது. அப்பா எந்த நேரமும் கரையில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்தார்.

மார்கழியில் நத்தார்ப் பெருநாளுக்கு அண்ணன் வந்தபோது, வள்ளம் ஒழுகுதாம், ஒட்டித் தாங்கோ என்று நான்தான் சொன்னேன். அண்ணன் தாரும் தகரமும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். பலகை பலகையாகத் தட்டிப் பார்த்தார். தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஒரு ஓட்டையும் இல்லை. மணலில் குந்தி, வள்ளத்தில் தான் நின்று வந்த பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு எழும்பி, அடிப்பக்கம் முழுவதற்கும் தார் பூசத் தொடங்கினார். இல்லாத ஓட்டைக்கு ஏன் இவ்வளவு தார் என்று கேட்டு நான் சிரித்தேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, மற்றத் தூரிகையை எடுத்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று பூசினார்கள். அன்றைக்கு வீட்டில் பலகாரம் இருந்தது, அண்ணனும் இருந்தார். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

இதை வாசிக்கிற எல்லாரிடமும் ஒன்று கேட்கிறேன். இன்றைக்குப் படுக்கப் போக முன்னம், சூசை என்று பெயரைச் சொல்லி, என் அண்ணனுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கோ.